லிஃப்டில் நுழையாத பெட்டி

அப்பா தொண்ணூற்றொரு வயதில் தூக்கத்திலேயே கர்த்தரிடம் போய்விட்டார். ராணுவத்தில் பனிமலையில் காவல் நின்றவர். பிறகு மும்பை தாராவிப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் நான்கு பேரையும் ஒற்றை அறைக் குடிசையில் வளர்த்து ஆளாக்கினார். குடிசை மாற்றுத் திட்டத்தில் அந்தக் குடிசையை இடித்துவிட்டு, ஏழாம் மாடியில் வீடு கொடுத்திருந்தார்கள்.

சவப்பெட்டி வந்தது. லிஃப்டில் நுழையவில்லை. கட்டடத்தின் செக்ரெட்டரி மேலே வந்தார். அவரும் அப்பாவிடம் படித்தவர்தான்.

"டென்ஷன் ஆவாதீங்கக்கா. பெட்டி கீழயே இருக்கட்டும். சாரை சேர்ல உக்கார வச்சுக் கட்டி, லிஃப்ட்ல எறக்கிருவோம். இங்க எல்லாரும் அப்படித்தான் செய்யிதாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் வேறு வழி தெரியாமல் தலையாட்டப் போனேன். அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"கிளாஸ்ல ஒருநாளும் உக்காந்து பாடம் நடத்துனவரில்ல. செத்த பொறவா அவரச் சேர்ல கட்டப் போறிய?"

செக்ரெட்டரி இறங்கிப் போனார். சற்று நேரத்தில், அப்பாவின் பழைய மாணவர்களோடு பெட்டியைச் சுமந்துகொண்டு படியேறி வந்தார். அப்பாவைப் படுத்தவாக்கிலேயே இறக்கினார்கள். படிக்கட்டும் குறுகல்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது.

ரிப்பன் வெட்டி இந்தக் கட்டடத்தைத் திறந்து வைத்தவர்களை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது. இங்கே குடிவருகிறவர்கள் ஒருநாள் சாகவும் செய்வார்கள் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. லிஃப்டில் அவர் என் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம், என் கண் அவருடைய உயரத்தை அளக்கிறது.