கன்வெர்ட்டரைக் கழற்றினால் கார் பறக்குமா?

வருகிற வண்டியின் முகத்தைப் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போய் நிற்கிற தொழில் என்னுடையது. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில், மெட்ரோ தூணின் நிழல் மத்தியானத்துக்கு மேல் வந்து விழுகிற இடத்தில், புகைப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். என் கணவர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு மூடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதைவிட, புகைக்கு நடுவே நாலு பேரோடு இருப்பது மூச்சுக்கு இதமாக இருந்தது. சிக்னலில் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கை மூடிக்கொண்டு நிற்கும் என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாஸ்க் போட்ட கார்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஓர் ஆசை வரும். சைலன்சர் குழாயின் நடுவே வயிறு புடைத்தாற்போல ஒரு டப்பா இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று பெயர். உள்ளே தேனடைபோலச் சின்னச் சின்னக் கண்கள். எஞ்சின் கக்கும் நச்சுப் புகை அதற்குள் நுழைந்து, ஓரளவு நல்ல புத்தியோடு வெளியே வரும். அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டினால் வண்டி பறக்கும் என்பது அந்த ஆசை.

பக்கத்து அடுக்குமாடியில் இருந்து ஒரு மென்பொருள்காரப் பையன் வந்தான். கழற்றலாமா என்று கேட்டான். சட்டமும் விடாது, என் மெஷினும் விடாது என்றேன். அவன் என் முகத்தில் இருந்த மாஸ்க்கைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஆன்ட்டி, நீங்க போட்டிருக்கிற மாஸ்க்கைக் கழட்டினா உங்களுக்கு மூச்சு ஈஸியா இருக்கும்ல? காரும் பாவம் இல்லையா?”

பாலம் ஏறாத வண்டி

இனி வருவது முழுக்க ஒரே காரின் கதை. உலகநாதன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இப்போது பாரிவாக்கத்தில் ஃபிளாட். அவருக்குக் கண் பார்வை மட்டு என்பதால் காரை ஓட்டுவது மனைவி காந்திமதி. ஐம்பது வயதைத் தாண்டி இந்தக் காரில்தான் ஓட்டப் பழகியவர். மகள் தன் புதுக் காரைக் கொடுத்துப் பார்த்தாளாம். பார்க்கிங்கை விட்டே எடுக்க முடியாமல் இறங்கிவிட்டார். “கிளட்ச் எங்க புடிக்குன்னு அந்த வண்டி சொல்லவே மாட்டேங்கும்மா” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

காருக்குப் பதினைந்து வயது முடிகிறது. மாதக் கடைசிக்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு என் சான்றிதழ் வேண்டும், பிறகு ஆர்.டி.ஓ. மைதானத்தில் அதிகாரி பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் கார் காயலான் கடைக்கு. கார் போனால் திருநின்றவூர் ஏரிக்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானே ஓட்டிப் போகிற காந்திமதியும் போய்விடுவார். அந்தக் கார்தான் பைபாஸ் மேம்பாலத்தில் பாதி ஏறிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. என் மெஷினிலும் புகை அளவு மயிரிழை தாண்டியிருந்தது.

“முப்பது வருசம் பீரங்கி வண்டி எஞ்சினுக்குப் பக்கத்துல நின்னவன்ம்மா நான். எஞ்சின்னா உறுமணும். இது முனகுது, பாத்தீயளா?” என்றார் உலகநாதன். அடுத்த கொட்டகை மெக்கானிக் செல்வம் குனிந்து பார்த்துவிட்டு, “கன்வெர்ட்டர் அடைச்சிகினு கீது சார். தூக்கிட்டா புலி மாரி போவும்” என்றான். காந்திமதி ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னார்: “புலியெல்லாம் வேண்டாம்ப்பா. பாலம் ஏறினாப் போதும்.”

உறுமல்

மறுநாள் காரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். மேஜை மேலிருந்த டீயில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் வெறும் குழாய். உலகநாதன் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. “இப்பத்தான்ம்மா இது வண்டி!” என்று கத்தினார். கத்தினால்தான் கேட்கும்.

குழாயில் கருவியைச் செருகினேன். எண்கள் படியேறுகிற குழந்தைகள்போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே போயின. என் கண் எரிந்தது. கம்ப்யூட்டர் சான்றிதழ் தர முடியாது என்றது. “புகையை விடுங்க, சத்தத்தைக் கேளுங்க” என்றார் அவர். காந்திமதி முகத்தில் மட்டும் அந்தக் களை இல்லை. “எங்க தெரு நாய் ஒவ்வொண்ணும் எனக்கு வாலாட்டும். இன்னைக்கு எல்லாம் எந்திரிச்சு ஓரமா நிக்கு. நான் யாருன்னே அதுகளுக்குத் தெரியலம்மா.”

பாலத்தின் மேல்

வேகம் கூடியதா என்று எனக்குச் சந்தேகம். “ஏறி உக்காருங்க, காட்டுதேன்” என்றார் உலகநாதன். பின் சீட்டில் நானும் செல்வமும். மேம்பாலத்தின் அடியில் பூக்கூடைகளும் ஆட்களுமாகப் பிதுங்கி நின்ற ஷேர் ஆட்டோ ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் கிளம்பியது. காந்திமதி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அந்த உறுமலில் என் பல்செட் நடுங்கியது. உலகநாதன் பல்லவி போல “போகுது, போகுது” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜன்னல் வழியே பார்த்தால், கைப்பிடிச் சுவர் நிதானமாக எங்களோடு நடந்து வந்துகொண்டிருந்தது.

பாதிப் பாலத்தில் ஷேர் ஆட்டோ எங்களைத் தாண்டியது. மல்லிகை வாசனையும் டீசல் வாசனையுமாக ஒரு காற்று வந்து போனது. பின்னால் உட்கார்ந்திருந்த பூக்காரப் பெண் எங்களுக்கு டாட்டா காட்டினாள். மேட்டில் ஏறி நாங்கள் மூச்சு வாங்க நின்றபோது, அங்கே ஆள் இறக்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்: “இன்னா நைனா, சத்தம் முன்னாடி வந்து சேந்துடுச்சு. வண்டி எப்ப வரும்?”

தலையணை

சிரித்துச் சிரித்து செல்வத்துக்குக் கண்ணில் தண்ணீர். சிரிப்பு அடங்கியதும்தான் அவனுக்கு ரோஷம் வந்தது. கொட்டகைக்குத் திரும்பி, கழற்றிப் போட்டிருந்த கன்வெர்ட்டரை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். நானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு துளையிலும் ஒரு பொடிச் சூரியன். எங்கேயும் அடைப்பு இல்லை. உண்மையிலேயே அடைத்துக்கொண்டிருந்தால் கழற்றியதும் வித்தியாசம் தெரிந்திருக்கும். அப்போதும் வேறு கன்வெர்ட்டர் மாட்டுவதுதான் வழி. இதில் அடைப்பே இல்லாதபோது எங்களுக்குக் கூடியது சத்தம் ஒன்றுதான்.

அப்புறம் செல்வம் பானட்டைத் திறந்து, எஞ்சினுக்குக் காற்று போகிற ஃபில்டர் பெட்டியைக் கழற்றினான். உள்ளே பஞ்சு, தேங்காய் நார், துடைப்பத் துண்டு. அணில் கூடு. மூச்சு விட முடியாத எஞ்சின் முனகாமல் என்ன செய்யும்? குஞ்சுகள் வளர்ந்து போய்விட்ட வெறும் கூடு அது. நடுவில் குழி மட்டும் அவற்றின் உடம்பு அளவுக்கு மிச்சம் இருந்தது. காந்திமதி பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. தலையணைக்காகப் பால்கனியில் காயப்போட்ட இலவம்பஞ்சு காணாமல் போனதற்கு மாடி வீட்டு அம்மாளைச் சந்தேகப்பட்டு, பேச்சையே நிறுத்தியிருந்தாராம். உலகநாதனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நாம துண்டைச் சுருட்டி வச்சுப் படுக்கோம். நம்ம தலையணையில அணில் குடும்பமே படுத்து எந்திரிச்சுப் போயிருக்கு!”

மைதானம்

கன்வெர்ட்டர் பழைய இடத்துக்கு வந்தது. புது ஃபில்டர் மாட்டினார்கள். கார் பாலத்தை மூன்றாவது கியரில் ஏறியது. என் மெஷினும் சம்மதித்தது. சான்றிதழை நீட்டியபோது காந்திமதி என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “நீங்களும் வாங்கம்மா, பயமா இருக்கு” என்றார். கொட்டகையைச் சாத்திவிட்டு நானும் மைதானத்துக்குப் போனேன்.

அதிகாரி எண்களைச் சரிபார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார். கடைசியாக, “அந்தக் கோடு வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வாங்கம்மா” என்றார். காந்திமதி சாவியைத் திருகினார். பக்கத்து சீட்டில் இருந்த உலகநாதனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவர் அகராதியில் சத்தம் இல்லையென்றால் எஞ்சின் இல்லை. முகம் வெளிறிப்போய், அதிகாரி பார்க்காதபடி மெல்லக் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழு பலத்தோடு தள்ளினார். கார் அவர் கையை விட்டு அலுங்காமல் நழுவிப் போனது. அவர் தள்ளின கை தள்ளினபடி மைதானத்தின் நடுவில் நின்றார்.

காந்திமதி கோட்டைத் தொட்டு, அழகாக அரைவட்டம் போட்டுத் திரும்பி வந்தார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருஷம். காந்திமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரை உலகநாதனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்: “தள்ளினது போதும், ஏறுங்க. வண்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு.”

கன்வெர்ட்டரைக் கழற்றியதால் வேகம் கூடிய பழைய கார் எதுவும் இதுவரை என் கொட்டகைக்கு வந்ததில்லை. வேகம் கூடிய கார்க்காரர்கள்தான் வந்துகொண்டே இருக்கிறார்கள்.