கட்டிலுக்கடியில் நானூறு வோல்ட்

கிட்டாருக்கு அம்ப்ளிபயர் செய்யப்போகிறேன் என்று மகள் சொன்னபோது நான் முதலில் கேட்டது எத்தனை வோல்ட் என்றுதான்.

"நானூறு வரும், அப்பா."

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பிள்ளை. வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், நாங்கள் சோறு தின்னும் மேசையில் நானூறு வோல்ட். வேண்டாம் என்றேன். மனைவிதான் குறுக்கே வந்தாள். "நாள் முழுக்க போனைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதுக்கு இது நல்லம்தானே. நீங்கள் பக்கத்தில நிண்டு பயப்படுங்கோ, அது போதும்."

பழைய ரேடியோக்களுக்குள் ஒளிருமே, அந்தக் கண்ணாடி வால்வுகளை வைத்துச் செய்வது அது. கிட்டார்க்காரர்கள் வழக்கமாகப் போடும் வால்வுகள் இரண்டு மூன்று வகைதானாம். இவளுக்கு அவை வேண்டாம். "எல்லாரும் போடுறதைப் போட்டா எல்லாருக்கும் வாற சத்தம்தானே வரும்" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு காலத்தில் கப்பல் வானொலிக் கருவிகளில் இருந்த ஒரு வகை. அதைத் தேடி ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கப்பலிலிருந்து கழற்றிய சாமான் விற்கும் கடை. நங்கூரச் சங்கிலிக்கும் பித்தளை விளக்குகளுக்கும் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னுக்குள், பத்திரிகைத்தாளில் சுற்றி இரண்டு இருந்தன. ஒரு சாண் உயரம். ஒவ்வொன்றின் கண்ணாடித் தலையிலும் சிறிய உலோகத் தொப்பி.

"கிட்டாருக்கா?" கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, இது கப்பல்ல பேசிக்கிட்டு இருந்த சாமான். இதப் போயி பாட வைக்கப் போறீங்களா?"

"நான் இல்லை, இவதான்."

"அப்ப பாத்து, தங்கச்சி. மத்ததுக்கெல்லாம் கறண்ட் காலுல. இதுக்குத் தலையில. தொட்டா ஆளத் தூக்கி எறிஞ்சிரும்."

திரும்பி வரும்போது டின் என் மடியில் இருந்தது. ஏன் தலையில் என்று கேட்டேன். பெரிய அழுத்தத்தை மற்றக் கம்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இடையில் பாய்ந்துவிடும், அதனால் அதை மட்டும் எட்ட, உச்சியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்றாள். யாரோ இதை உட்கார்ந்து யோசித்திருக்கிறான். எனக்கு அது பிடித்துப்போனது. பயம் போகவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. வேலை முடிந்து வந்ததும் நேரே மேசைக்குப் போனேன். அவள் ஈயம் உருக்கி ஒட்டுவதைப் பார்த்தேன். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று விரலால் படத்தில் தொடர்ந்தேன். அந்தத் தொப்பிகளை மூடுவதற்குப் பீங்கான் மூடி தேடிப் பிடித்துக் கொடுத்தேன். ரப்பர் செருப்பில்லாமல் மேசைக்குக் கிட்டப் போகக்கூடாது என்று சட்டம் போட்டேன். என் கவனம் முழுவதும் அந்தத் தலையில்தான்.

ஒரு நாள் பின்னேரம் வால்வுகளைச் செருகாமல், மின் வழங்கும் பகுதியை மட்டும் சோதித்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. அம்ப்ளிபயரின் தகரப் பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கக் கம்பிகள் மேலே தெரிய யன்னலோரம் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து இடி. "பிள்ளை, மேல உடுப்புக் காயுது!" என்று தாய் கத்த, சுவிட்சை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள்.

இடி முழங்கினால் எங்கள் வீட்டில் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவோம். அது என் வேலை. டிவி, வைபை, பிரிட்ஜ், கடைசியாக அம்ப்ளிபயர். பிளக் கையோடு வந்துவிட்டது. இனி அது வெறும் தகரம் என்று நினைத்தேன். யன்னலால் சாரல் அடித்தது. பெட்டி நனைந்துவிடும் என்று இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன்.

அதற்குப் பிறகு நான் தரையில் இருந்தேன். வலது கை தோள்வரை என்னுடையதாக இல்லை. உடுப்புக் குவியலோடு மகள் வாசலில் நின்றாள். பிளக் சுவரில் இல்லாததையும், என் கையையும், பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பெட்டிக்குள் இருந்தது கொள்ளளவி, கப்பாசிட்டர். வழங்கல் நீங்கிய பின்னும் மின்னேற்றத்தைத் தன்னிடம் வைத்திருக்கும். இதை நான் உயர்தரத்தில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவன். வால்வு செருகியிருந்தால் அது வழியாகக் கொஞ்ச நேரத்தில் வடிந்திருக்கும். வால்வு இல்லாததால் போக வழியின்றி அப்படியே இருந்து, என் கையைக் கண்டதும் போனது.

களுபோவிலை ஆசுபத்திரியில் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள், பழுதில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்தபோது மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. பெட்டி அவள் கட்டிலுக்கடியில்.

"மிச்சக் கறண்ட் வடியிறதுக்கு ஒரு தடை, ரெசிஸ்டர், போட வேணும், அப்பா. கடைசியாப் போடுவம் எண்டு விட்டனான்." அழவில்லை. "எனக்கு இது வேண்டாம். கழட்டி எறியப்போறன்."

நான் கேட்டிருந்தது இதைத்தானே. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்பது நாளாக அவள் அந்தப் பக்கம் போகவில்லை, கிட்டாரையும் எடுக்கவில்லை. எனக்கோ அலுவலகத்திலும் ஒரே யோசனை. என் கை வழியாக முழுவதும் போயிருக்குமா? மிச்சம் இருந்தால் அது இப்போது என் பிள்ளையின் முதுகுக்குக் கீழே அல்லவா இருக்கிறது? சுவிட்ச் போடக் கை நீளும்போதெல்லாம் பின்வாங்கியது. இன்றும் பின்வாங்குகிறது. இருந்தும் அறிய வேண்டும்போல் இருந்தது.

"அதுக்குள்ள இப்ப எவ்வளவு இருக்கும்?"

நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்?"

"சும்மா. அளந்து பார்ப்பமே."

பெட்டியை இழுத்தெடுத்து, மீட்டரின் முனைகளை வைத்தாள். பதினாறு வோல்ட். ஒன்பது நாளுக்குப் பிறகும்.

"பாத்தியா!" என்றேன். என் குரலில் இருந்தது பயமில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா விழுந்தது காணாதோ?" என்றாள் மனைவி அறை வாசலில் நின்றபடி.

"கழட்டாத, பிள்ளை. அந்தத் தடையை இப்ப போடு. நான் பார்க்க வேணும்."

போட்டாள். மின்சாரம் கொடுத்து, நானூறைத் தாண்டியதும் பிளக்கைக் கழற்றினாள். மீட்டரில் எண் இறங்கத் தொடங்கியது. முதலில் கடகடவென்று, பிறகு தயங்கித் தயங்கி. முந்நூறு. நூற்றைம்பது. அறுபது. நான் இரண்டடி தள்ளி, முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இனித் தொடலாம், அப்பா."

"இன்னும் ரெண்டு வோல்ட் இருக்கு."

"ரெண்டு வோல்ட்டுக்கு எறும்பும் சாகாது."

"இருக்கட்டும். நில்."

நின்றாள். பூச்சியம் வந்தபின் வால்வுகளைக் கேட்டுக் கை நீட்டினாள். டின்னைத் திறந்து முதலாவதை நானே எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி என்பதால் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.