அப்பா தழை ஒடிக்கப் போன நாட்கள்

இப்போது நான் இருக்கும் செங்கத்தில், எதிர் வீட்டு ஆடுகளுக்குப் போடும் பச்சைத் தழையின் வாசனை வந்தால் இன்றும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வருகிறது.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் நெல்லிவாசல் பக்கம் மலையில் இருந்தோம். ஒரு நாள் சித்தப்பா தற்கொலை செய்துகொண்டார். ஏனென்று யாருக்கும் புரியவில்லை. சாவு வீட்டில் அப்பா கண்கலங்கியதும், "ஆம்பள நீயே அழுதா இன்னாடா?" என்று ஊர்ப் பெரியவர் அதட்டினார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அப்பா தினமும் எங்கள் ஆடுகளுக்குத் தழை ஒடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் சிரித்தால்கூட முகத்தை உற்றுப் பார்ப்பாள். ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

பலாமரத்தடியில் அப்பா துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "கண்ணுல தூசிடி" என்றார்.

அம்மா நம்பவில்லை. "ஒங்க தம்பியும் இப்டித்தான் மறைச்சாரு. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க."

அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே, "நானும் அவன மாதிரி பண்ணிக்குவனோன்னு பயமா இருக்குதுடி" என்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். வாசலிலேயே அப்பா வாய்விட்டு அழுதார். சத்தம் கேட்டுப் பெரியவர் வந்தார். அம்மா குறுக்கே நின்றாள்.

"தம்பி செத்தா அழுவாம இன்னா பண்ணுவாரு? நீங்க போங்க."