சொல்லிவிட்டுப் போன ஞாயிறு

பக்கவாதம் வந்து அம்மாவின் வலது கை மடங்கிப்போன பிறகு, அவளைப் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். நானும் மனைவியும் விடிந்தால் நெருப்பெரிச்சலில் இருந்த எங்கள் பனியன் கம்பெனிக்கு ஓடிவிடுவோம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையும் மாலையும் கைக்கு பிசியோதெரபி கொடுக்க வேண்டும், இப்போது விட்டால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும் என்று. அம்மாவுக்கு வேறு ஆசை இல்லை. தன் கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். மரியாதைக்கு முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுவேன். அப்படிப் போன ஒரு நாள், அம்மாவைப் பயிற்சி அறையில் கப்பிக் கயிற்றுக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். தலைவாரி, பவுடர் பூசி, கல்யாணத்துக்குக் கிளம்பியவள் போல இருந்தாள்.

"தெனமும் ரெண்டு நேரமும் குடுத்துர்றோமுங்க" என்றார் இல்லத்தின் பொறுப்பாளர்.

கயிற்றின் கைப்பிடியைப் பார்த்தேன். கடையிலிருந்து வந்த பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

வேறு யாராவது என்றால் ஏமாந்திருப்பார்கள். எனக்கு இது கைவந்த கலை. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு கம்பெனியின் ஆள், தொழிலாளர் பாதுகாப்பு ஆடிட்டுக்கு வருகிற காலையில்தான் எங்கள் கம்பெனியில் பஞ்சுத் தூசிக்கான மாஸ்க்குகளை உறையிலிருந்து எடுத்துக் கொடுப்போம். கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று டெய்லர்களை நிற்க வைத்துச் சொல்லிக்கொடுப்பவனும் நானேதான். அந்தப் பொறுப்பாளரைத் திட்ட எந்த முகத்தோடு வாயைத் திறப்பது?

"நெசமாலுமே குடுக்கறாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

அம்மா முதலில் பொறுப்பாளரைப் பார்த்தாள். எங்கள் டெய்லர்கள் பதில் சொல்வதற்கு முன் என்னைப் பார்ப்பார்களே, அதே பார்வை.

"குடுக்கறாங்க சாமி" என்றாள்.

பொறுப்பாளர் டீ கொண்டுவரப் போனார். நான் அம்மாவின் விரல்களை விரித்துப் பார்த்தேன். விரியவில்லை. அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவங்களை ஒண்ணும் சொல்லிப்போடாத கண்ணு. நீ போயிருவே. நாந்தான இங்க இருக்கோணும்."

டெய்லர்கள் கம்பெனி மேல் இருந்த பாசத்தில்தான் நான் சொல்லிக்கொடுத்ததை ஆடிட்டில் அப்படியே சொல்கிறார்கள் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

டீ வந்தது. குடித்தேன். "நல்லாப் பாத்துக்கறீங்க" என்று பொறுப்பாளரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அம்மாவின் விரல்கள் கடைசிவரை விரியவில்லை.