மேசையில் பத்துத் தண்ணீர் பாட்டில்கள்

போன சித்திரையில், தேனியில் நான் டயாலிசிஸ் செய்துகொள்ளும் மருத்துவமனையின் மாடியில் நடந்தது இது. சிறுநீரக நோயில் எதை ஆராயவேண்டும் என்று நோயாளிகளையே கேட்டு முடிவு செய்யப்போவதாகச் சொல்லி, எங்களில் பத்துப் பேரை அழைத்திருந்தார்கள்.

உள்ளே போனதும் வழக்கம்போல் எண்ணினேன். நாற்காலி பத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே குளிர்ந்த தண்ணீர் பாட்டில். உடம்பில் நீர் தேங்கிவிடும் என்று, நாள் முழுவதற்கும் முக்கால் லிட்டராக அளந்து குடிக்கிறவர்கள் நாங்கள்! யாரும் தொடவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ஏம்மா, எங்களச் சோதிச்சுப் பாக்குறீகளா?" என்றார், ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அம்மாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். கூட்டத்தை நடத்த வந்த இளம் பெண் மருத்துவர் பதறிப்போய், பாட்டில்களைத் தானே வாரிக்கொண்டுபோய் வெளியே வைத்தார்.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார். அரிப்பு என்றார்கள், தூக்கமில்லை என்றார்கள். என் முறை வந்தபோது, இதெல்லாம் ஆராய்ச்சிக்கு ஆகுமா என்று தயங்கினேன். ஆனால் மனைவி போனபின் வீட்டில் சொல்லவும் ஆளில்லை. சொல்லிவிட்டேன். நம் பக்கத்தில் வீட்டுக்குள் கால் வைத்ததுமே செம்பில் தண்ணீர் நீட்டுவார்கள். நான் வேண்டாம் என்பேன். காபியும் வேண்டாம், இளநீரும் வேண்டாம். முதலில் வருத்தப்பட்டார்கள். பிறகு, என்ன கொடுப்பது என்ற சங்கடத்தில் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். தாகத்துக்காவது வாயில் ஐஸ்கட்டி போட்டுக்கொள்ளலாம். இதற்கு என்ன செய்வது?

"எனக்கும் அதேதான். கல்யாணப் பந்தியில உக்காந்து எம்புட்டோ நாளாச்சு" என்றார் கம்பத்துப் பாய் ஒருவர்.

மருத்துவர் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். "இது மருத்துவத்துல வருமான்னு தெரியலையே ஐயா..."

ஓடைப்பட்டி அம்மாள் விடவில்லை. "எங்களக் கேட்டுத்தானம்மா எழுதுறதாச் சொன்னீக? எழுதுங்க."

மருத்துவர் வெள்ளைப் பலகையில் எழுதினார். என் சொற்களிலேயே எழுதினார்.

கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த அம்மாள் சொன்னார்: "அண்ணே, ஒருநா எங்க வீட்டுக்கு வாங்க. ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க மாட்டேன்."

அந்த ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறதோ, முடியும்போது நான் இருப்பேனோ என்ற கவலை தனி. ஓடைப்பட்டிக்கும் இன்னும் போகவில்லை. ஆனாலும், எதையும் வேண்டாம் என்று மறுக்க நேராமல் போய் உட்கார எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பு, தனியாக அளந்து குடிக்கும் ஒவ்வொரு மடக்கிலும் கூட வருகிறது.