பூட்டுக்காரரின் அப்பா

பூட்டு ரிப்பேர்காரருக்கு அறுபத்திரண்டு வயது. அப்பா யார் என்பதை அம்மா சாகும்வரை சொல்லவில்லை. "இதுக்கெல்லாம் இப்ப டெஸ்ட் இருக்குப்பா" என்று மகள்தான் அவருடைய எச்சிலைக் குழாயில் பிடித்து டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினாள்.

முன்பின் தெரியாத இரண்டு பேருடைய டிஎன்ஏ அவருடையதோடு ஒத்துப்போனது. மகள் அவர்களுக்கு எழுதி விசாரித்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்; பூட்டுக்காரரும் அவர்களுக்கு அதே முறைதான் என்றது பரிசோதனை. அவர்களுடைய தாத்தாவுக்கு மூன்று மகன்கள். மூத்த இருவரும் பூட்டுக்காரர் பிறப்பதற்கு வெகுமுன்பே வெளிநாடு போய்விட்டார்கள். மிச்சமிருந்த கடைசி மகன், பூட்டுக்காரரின் அம்மா துணி தேய்த்த சலவைக்கடையின் முதலாளி. போன வருஷம்தான் கண்ணை மூடினார்.

பூட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த முதலாளி வீட்டுக்கு எத்தனையோ தடவை வேலைக்குப் போயிருக்கிறார். முதலாளி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலை முடியும்வரை இவரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது திருடிவிடுவோம் என்று காவல் இருக்கிறார்போல என்று இவர் நினைத்துக்கொள்வார்.

முதலாளியின் மகளுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னார். அவள் அதிர்ந்துபோகவே இல்லை.

"அப்பா சொல்லியிருக்கார். அதான் பூட்டு நல்லா இருந்தாலும் உங்களைக் கூப்பிடச் சொல்வார்."

"அத்தனை கதவைத் திறந்து குடுத்தேனேம்மா, அவர் ஒரு தடவை வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"எங்களுக்கும் குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று போனை வைத்துவிட்டாள்.

"போகட்டும்ப்பா, யாருன்னாவது தெரிஞ்சுதே" என்றாள் மகள்.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போன ஒரு நல்ல மனுஷன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதையும் கெடுத்துட்டியேம்மா" என்றார் அவர். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.