மச்சான் பெயர் வைத்த மீன்

அருங்காட்சியகத்தில் அவரை எல்லோரும் முள்ளெண்ணி என்பார்கள். ஃபார்மலின் வாடையில் உட்கார்ந்து செத்த மீன்களின் துடுப்பு முட்களையே காலமெல்லாம் எண்ணுகிறவரை வேறெப்படி அழைப்பது? அவருடைய ஆசையோ பெரிது. ஒரு கடல்மீன் பேரினமாவது தன் பெயரைச் சுமக்க வேண்டும். தான் மண்ணுக்குள் போன பிறகும் உலகம் அதைச் சொல்ல வேண்டும்.

தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டால் தொழிலில் இருப்பவர்கள் காறித் துப்புவார்கள். அதனால் வேறோர் ஊரில் இதே பிழைப்பு நடத்திய மனைவியின் அண்ணனிடம் வெட்கமில்லாமல் பேரம் பேசினார்.

“மச்சான், நான் உங்க பேர வைக்கிறேன். நீங்க என் பேர வைங்க.”

“அதுக்கென்ன மாப்ள, செஞ்சிட்டாப் போச்சு.”

முள்ளெண்ணி முந்திக்கொண்டார். தலையில் கொம்புபோல முள் நீட்டிய ஒரு பொடி மீனுக்குப் புதுப் பேரினம் என்று அறிவித்து மச்சானின் பெயரைச் சூட்டினார். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை.

அதே வலையில் வந்த அதே மாதிரி இன்னொன்று, முள்ளெண்ணியின் அறைத் தொட்டியில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது. அது வளர்ந்தது. கொம்பு மறைந்தது, கறுப்புப் பட்டைகள் வந்தன, பிறகு அவையும் மங்கின. கடைசியில் பார்த்தால், சந்தையில் கூறுகட்டி விற்கிற சாதாரண மீன்! அவர் பிறப்பதற்கு முன்பே அதற்குப் பெயர் வைத்தாயிற்று. மீன்குஞ்சைப் பார்த்துப் புதுப் பேரினம் என்று கூத்தடித்திருக்கிறார் மகா மேதை.

மச்சானிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பழைய பெயர்தான் நிற்கும், மச்சான் பெயர் போய்விடும். மச்சான் முறுக்கிக்கொண்டால் தனக்கும் கிடைக்காது. அற்ப மனுஷன், தொட்டிமேல் துணியைப் போட்டு மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டார்.

சில மாதங்களில் மனைவி ஆராய்ச்சி இதழோடு ஓடி வந்தாள். “ஏங்க, எங்கண்ணன் உங்க பேர வச்சிட்டாரு!”

வாங்கிப் புரட்டினார். தன் பெயருக்குக் கீழே, கறுப்புப் பட்டை போட்ட மீன். தொட்டியில் அவர் கண்ணெதிரே வளர்ந்த அதே மீனின் நடுப்பருவம். அப்படியானால் இந்தப் பெயரும் செல்லாது. ஒருமுறை செல்லாமல் போன பேரினப் பெயரை வேறெந்த விலங்குக்கும் வைக்க முடியாது என்பது அவருக்கு மனப்பாடம்.

தொலைபேசி அடித்தது.

“மாப்ள, சந்தோஷமா? அதுல ஒண்ண உயிரோட வளக்கிறேன். என்னன்னு தெரியல, பட்டையெல்லாம் மங்குது. தண்ணி சரியில்லையோ?”

முள்ளெண்ணி இதழை மூடினார்.

“ஆமா மச்சான், தண்ணிதான். உடனே மாத்துங்க.”